ஸ்மோங் என்றொரு சொல்

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் பூமி பிளந்தபோது, அந்த இடத்துக்கு மிக அருகில் மனிதர்கள் வசித்த பகுதிகளில் ஒன்று சிமலூ தீவு. இந்தோனேஷியாவின் ஆச்சே மாகாணத்தைச் சேர்ந்த இந்தத் தீவின் மக்கள்தொகை அன்று சுமார் 78,000. பெரும்பாலோர் கடலோரவாசிகள். அபாயச் சங்கு கிடையாது. இருந்திருந்தாலும் அதை ஒலிக்க நேரம் இருந்திருக்காது. தீவின் வடக்கே உள்ள லங்கி கிராமத்தை எட்ட முதல் அலைக்கு ஏறக்குறைய எட்டு நிமிடமே தேவைப்பட்டது. அலையின் உயரம் 10 மீட்டருக்கு மேல். வீடுகள் அஸ்திவாரம் மட்டும் மிஞ்சும்படி துடைத்தெறியப்பட்டன. ஆனால் அந்த ஊரின் சுமார் 800 பேரில் ஒருவர்கூட இறக்கவில்லை. தீவு முழுவதிலும் மாண்டவர்கள் ஏழு பேர்.

அதே மாகாணத்தின் தலைநகரான பந்தா ஆச்சேக்கு இதைவிட அதிக அவகாசம் கிடைத்தது. அங்கே பல்கலைக்கழகம் இருந்தது, வானொலி இருந்தது, தொலைபேசி இருந்தது. ஆனாலும் இந்தோனேஷியாவில் இறந்த, காணாமல் போன ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் அநேகமாக எல்லோருமே அந்த நகரையும் அதை ஒட்டிய ஆச்சே கரையோரத்தையும் சேர்ந்தவர்கள்.

நிலநடுக்கம் ஒன்றுதான். கடலும் ஒன்றுதான். சிமலூ மக்களிடம் கூடுதலாக இருந்தது ஒரு சொல். அவர்கள் மொழியில் அது 'ஸ்மோங்'.

1907 ஜனவரி 4 அன்று இதே தீவைப் பெரும் நிலநடுக்கம் ஒன்று உலுக்கியது. தொடர்ந்து கடல் ஏறி வந்தது. தீவு மக்களில் பெரும் பகுதி அன்று மாண்டதாக அங்கே வழிவழியாகச் சொல்கிறார்கள். பிழைத்தவர்கள் அந்த அலைக்கு வைத்த பெயர் ஸ்மோங். பெயரோடு சேர்ந்து ஒரு கதையும் பிறந்தது. மிகச் சிறிய கதை. நிற்க முடியாதபடி பூமி ஆடும். பிறகு கடல் உள்வாங்கும். அதற்குப் பிறகு வருவது ஸ்மோங். ஆகவே பூமி ஆடி ஓய்ந்ததும் மலைக்கு ஓடு. எதையும் எடுத்துக்கொள்ள நிற்காதே.

இதைப் பாட்டிகளும் தாத்தாக்களும் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். தாலாட்டில் வைத்துப் பாடினார்கள். 'நன்டோங்' என்ற அத்தீவின் பாட்டு மரபிலும் அது இடம்பெற்றது. லேசான நில அதிர்வு வந்தால்கூட, கதையை மறுபடி சொல்ல அது ஒரு சாக்கு. இப்படியே 97 வருடம் போயிற்று. 1907ஐக் கண்ணால் பார்த்தவர்கள் ஏறத்தாழ ஒருவரும் மிஞ்சியிராத ஒரு காலையில் பூமி ஆடியது. 'ஸ்மோங்' என்ற கூவல் ஊர் ஊராகப் போனது. மக்கள் மலையேறினார்கள். மூன்று மாதம் கழித்து, 2005 மார்ச் 28 அன்று, தீவுக்கு அருகிலேயே இன்னொரு பெரும் நிலநடுக்கம் வந்தபோதும் அதையேதான் செய்தார்கள்.

இது ஏதோ பழங்குடி ஞானம் என்று வியந்துவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம். ஆனால் அந்தக் கதை எதனால் ஆனது என்று பார்ப்பதுதான் பயனுள்ள வேலை. அதில் வீரன் கிடையாது. நீதி கிடையாது. அதில் இருப்பதெல்லாம் ஆபத்து வேளையில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்ற அறிவு. கடல் உள்வாங்கிப் பவளப்பாறை வெளியே தெரிந்தபோது, துள்ளும் மீனைப் பொறுக்க இறங்கியவர்கள் 1907 நினைவுகளில் வருகிறார்கள். இறங்காதவர்கள் பிழைத்தார்கள். மனிதனுக்கு வேடிக்கை பார்க்கத் தோன்றும், கையில் கிடைப்பதை விட மனம் வராது, வீட்டுக்குள் போய் எதையாவது எடுத்துவரத் தோன்றும். இவை எல்லாவற்றையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு பேசுகிற கதை அது. 2004இல் இந்தியப் பெருங்கடலின் பல கரைகளில் கடல் பின்வாங்கியபோது அதை அதிசயமாகப் பார்க்கப் போனவர்கள் உண்டு. அவர்கள் முட்டாள்கள் அல்ல. அவர்களுக்கு முன் அந்தத் தவறைச் செய்தவர்களைப் பற்றி யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

நிபுணர்கள் ஆபத்தை எண்ணாகச் சொல்கிறார்கள். நூறு வருடத்துக்கு ஒரு முறை வரும் வெள்ளம், இத்தனை சதவீத வாய்ப்புள்ள புயல் என்று. எண் துல்லியமானது. ஆனால் 'நூறு வருடத்துக்கு ஒரு முறை' என்று காதில் விழுந்ததும் மனம் அதை 'என் காலத்தில் இல்லை' என்று மொழிபெயர்த்துவிடுகிறது. அமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரு உளவியலாளர்கள் 1970களில் இதன் பின்னணியை ஆராய்ந்தார்கள். ஒரு விஷயம் நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று கேட்டால், மனிதர்கள் கணக்குப் போடுவதில்லை. அதற்கு ஓர் உதாரணம் எவ்வளவு சுலபமாக நினைவுக்கு வருகிறது என்பதை வைத்தே முடிவு செய்கிறார்கள் என்பது அவர்களின் கண்டுபிடிப்பு. இது சிந்தனையின் குறைபாடு என்று பாடநூல்கள் சொல்கின்றன. சிமலூவின் பாட்டிகள் இந்தக் குறைபாட்டையே கருவியாக்கிக்கொண்டார்கள். நூறாண்டில் ஒரு முறை வரும் ஓர் உதாரணத்தை, நேற்று நடந்தது போல் நினைவின் மேல்தட்டிலேயே வைத்திருந்தார்கள்.

கதை என்று இருந்தாலே போதுமா? போதாது என்பதற்கு வெளியே எங்கும் போய்ச் சாட்சி தேட வேண்டியதில்லை. கடல் ஊரை விழுங்கிய கதைகள் தமிழில் இருப்பதுபோல் வேறு எத்தனை மொழிகளில் இருக்கும் என்பது சந்தேகமே. அதற்கென்று 'கடல்கோள்' என்று ஒரு சொல்லே உண்டு. தென்மதுரையையும் கபாடபுரத்தையும் கடல் கொண்டதாக இறையனார் களவியல் உரை பேசுகிறது. மணிமேகலையில் மன்னன் இந்திர விழாவை எடுக்கத் தவறுகிறான்; தெய்வம் வெகுள்கிறது; புகார் நகரைக் கடல் கொள்கிறது. அந்தப் புகாரின் இடமாகக் கருதப்படும் பூம்புகார், இன்றைய மயிலாடுதுறை மாவட்டம் பிரிவதற்கு முன், 2004இல் இருந்தது நாகப்பட்டினம் மாவட்டத்தில். தமிழகத்தில் சுனாமிக்குப் பலியான சுமார் 8,000 பேரில் 6,000 பேருக்கு மேல் இறந்தது அதே மாவட்டத்தில்தான்.

கடல்கோள் கதை ஏன் அவர்களுக்கு உதவவில்லை? அது இழந்த பெருமையைச் சொல்கிறது. எந்த நூல்கள் போயின, எந்த நகரம் போயிற்று, யார் செய்த பிழையால் போயிற்று என்றெல்லாம் சொல்கிறது. கடல் வருவதற்கு முன் என்ன அடையாளம் தெரிந்தது, தப்பியவர்கள் எந்தத் திசையில் ஓடினார்கள் என்பது அதில் இல்லை. புலவர்களின் அக்கறை அதுவல்ல; அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் இரங்குவதற்கான கதை வேறு, பிழைப்பதற்கான கதை வேறு என்ற வித்தியாசம் இங்கே அப்பட்டமாகத் தெரிகிறது.

தெய்வ கோபத்தைப் பேசியதால்தான் கதை பயனற்றுப் போயிற்று என்று பகுத்தறிவு சார்ந்த முடிவுக்கு வந்துவிடலாம். அதுவும் சரியல்ல. தாய்லாந்தின் சூரின் தீவுகளில் வாழும் மோக்கன் என்ற கடல்நாடோடி மக்களிடம் 'லபூன்' என்ற மனிதரைத் தின்னும் அலையைப் பற்றிய கதை உண்டு. அதை அனுப்புபவை ஆவிகள் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆனால் அலை வருமுன் கடல் வற்றும் என்பதும் அந்தக் கதையில் இருந்தது. 2004இல் கடல் வற்றியதைக் கண்ட பெரியவர்கள் எல்லோரையும் மேட்டுக்கு விரட்டினார்கள். குடிசைகள் அழிந்தன; ஏறக்குறைய 200 பேர் பிழைத்தார்கள். ஆகவே கதை சொல்லும் காரணம் தவறாக இருந்தாலும் பாதகமில்லை. அது சொல்லும் அடையாளம் சரியாக இருந்தாக வேண்டும்.

அடையாளம் தெரியாதவர்களுக்கு நேரும் இன்னொரு கஷ்டமும் உண்டு. எதற்கு ஓடக்கூடாது என்பதும் அவர்களுக்குத் தெரிவதில்லை. 2004 டிசம்பர் 30 அன்று, முதல் அலை வந்து நான்கே நாளில், மீண்டும் சுனாமி வரலாம் என்ற எச்சரிக்கை டெல்லியிலிருந்து வந்தது. தமிழகக் கரையோரத்தில் நிவாரணப் பணிகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மக்கள் ஓடினார்கள். பிறகு அந்த எச்சரிக்கை ஆதாரமற்றது என்று அரசே சொன்னது. பயம் வந்துவிட்டது, ஆனால் அந்தப் பயத்துக்கு இலக்கணம் இல்லை. டிசம்பர் 26க்கு முன் எதற்குமே ஓடாதவர்கள், அதற்குப் பின் எதற்கும் ஓட வேண்டியிருந்தது.

மனித நடத்தையை இன்னும் கூர்மையாக எடைபோட்ட கதை ஜப்பானின் வடகிழக்குக் கரையில் இருக்கிறது. 'சுனாமி தென்தென்கோ' என்பது அங்கே வழங்கும் சொற்றொடர். சுனாமி வந்தால் அவரவர் தனித்தனியே ஓடுங்கள் என்று பொருள். கேட்பதற்குக் கொடூரமாக இருக்கிறது. தாயைத் தேடாதே, பிள்ளைக்காகத் திரும்பாதே என்கிறது. ஆனால் அதன் பின்னால் இருப்பது, ஒருவரை ஒருவர் தேடிப்போய்க் குடும்பம் குடும்பமாக மாண்டவர்களின் அனுபவம். மற்றவரும் நிச்சயம் ஓடியிருப்பார் என்ற நம்பிக்கை இருந்தால்தான் ஒருவர் தனியே ஓட முடியும். அந்த நம்பிக்கையை ஆபத்து வேளையில் உண்டாக்க முடியாது. சாப்பாட்டு நேரத்தில் பேசிப் பேசித்தான் உண்டாக்க முடியும்.

கமாயிஷி நகரப் பள்ளிகளில் கதாதா தோஷிதாகா என்ற பேராசிரியர் சில வருடங்களாக இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வந்தார். அவருடைய முதல் விதி, அரசு வரைந்த அபாய வரைபடத்தை நம்பாதே என்பது. 2011 மார்ச் 11 அன்று உனோசுமாய் பகுதியில் அடுத்தடுத்து இருந்த ஒரு நடுநிலைப் பள்ளியும் தொடக்கப் பள்ளியும் அந்த வரைபடத்தின்படி பாதுகாப்பான எல்லைக்குள் இருந்தன. நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் ஓடினார்கள். அதைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகளும் ஓடினார்கள். பெரியவர்கள் சிறுவர்களின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். குறித்து வைத்திருந்த இடத்தை அடைந்தபின், இது போதாது என்று இன்னும் மேலே போனார்கள். பிறகு மேலும் மேலே. இரண்டு பள்ளிக் கட்டிடங்களையும் கடல் மூழ்கடித்தது. அன்று கமாயிஷியில் ஏறக்குறைய 3,000 பள்ளிப் பிள்ளைகள் பிழைத்தார்கள்.

அதே நாளில் இஷினோமாக்கி நகரின் ஒகாவா தொடக்கப் பள்ளியும் வரைபடத்தின்படி பாதுகாப்பான இடத்தில்தான் இருந்தது. பள்ளிக்குப் பின்னாலேயே குன்று இருந்தது. பிள்ளைகள் சுமார் 50 நிமிடம் விளையாட்டு மைதானத்தில் நிறுத்திவைக்கப்பட்டார்கள்; எங்கே போவது என்று பெரியவர்கள் ஆலோசித்துக்கொண்டிருந்தார்கள். 74 குழந்தைகள் பலியானார்கள். இரண்டு பள்ளிகளின் நிலைமைக்கும் பொதுவானது வரைபடம். ஓரிடத்தில் வரைபடத்தைச் சந்தேகிக்கச் சொல்லும் கதை இருந்தது.

கதைகளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சொல்லச் சொல்ல அழகாகிவிடும். ஜப்பானிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. 1854 டிசம்பரில் ஹிரோ என்ற கிராமத்தைச் சுனாமி தாக்கியபோது, ஹமகுச்சி கோர்யோ என்ற வணிகர் இருட்டில் தத்தளித்தவர்களுக்கு வழி தெரியட்டும் என்று வைக்கோல் போர்களைக் கொளுத்தினார். லாஃப்காடியோ ஹெர்ன் 1897இல் ஆங்கிலத்தில் இதைக் கதையாக்கினார். முப்பதுகளில் இருந்த வணிகர் அதில் முதியவரானார். வைக்கோல் ஒரு வருடத்து நெல் அறுவடையாக மாறியது. தீயை அணைக்க மலையேறி ஓடிவந்ததால் ஊர் பிழைத்தது என்று ஆயிற்று. 1937 முதல் 1947 வரை ஜப்பானியப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படித்தது இதன் வழிவந்த வடிவம். பழைய நாட்காட்டியின்படி அந்தச் சம்பவம் நடந்த நவம்பர் 5ஐ 2015இல் ஐக்கிய நாடுகள் சபை உலக சுனாமி விழிப்புணர்வு தினமாக அறிவித்தது.

தீ எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு ஹமகுச்சி செய்ததைத்தான் அந்தக் கதை விட்டுவிட்டது. வாழ்வாதாரம் இழந்த கிராமத்தினருக்குக் கூலி கொடுத்து, சொந்தப் பணத்தில், ஏறக்குறைய நான்கு வருடம் உழைத்து, சுமார் 600 மீட்டர் நீளத்துக்குக் கரை எழுப்பினார். 1946இல் சுனாமி மறுபடி வந்தபோது கிராமத்தின் பெரும் பகுதியை அந்தக் கரை காத்தது. ஓர் இரவின் தியாகம் கதையாகும். நான்கு வருட மண் சுமப்பு கதையாவது கஷ்டம். ஆபத்தைப் பற்றிய பேச்சில் வீரர்கள் அதிகமாகவும் கொத்தனார்கள் குறைவாகவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

இன்னொரு எல்லையும் உண்டு. எந்தக் கதையும் கடைசியாக வந்த ஆபத்தின் நினைவுதான். 2018 டிசம்பர் 22 இரவு இந்தோனேஷியாவின் சுண்டா நீரிணையில் எரிமலை ஒன்றின் பக்கவாட்டுச் சரிந்து அலை எழுந்தது. மக்கள் உணரும்படி பூமி ஆடவில்லை. 400 பேருக்கு மேல் இறந்தார்கள். ஸ்மோங் கதை அங்கே உதவியிருக்காது. நாகப்பட்டினத்துக்கும் அது அப்படியே பொருந்தாது. அங்கே நிற்க முடியாதபடி பூமி ஆடவில்லை. ஆடிய இடத்திலிருந்து அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஓடி ஏற மலையும் கிடையாது. அத்தகைய கரைக்குக் கருவிகள் வேண்டும். ஹைதராபாத்தில் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007 முதல் இயங்குவது அதற்காகத்தான்.

ஆனால் கருவி தரும் செய்தியை நம்பிக் கிளம்புவதும் மனித நடத்தைதானே. இங்கே ஒடிஷாவின் அனுபவம் பேசுகிறது. 1999 அக்டோபர் 29 அன்று பெரும்புயல் கரையைக் கடப்பதற்கு முன்பே வானிலை எச்சரிக்கை வந்திருந்தது. ஆனாலும் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். 2013 அக்டோபர் 12 அன்று பைலின் புயல் வந்தபோது ஏறக்குறைய பத்து லட்சம் பேர் பாதுகாப்பான இடங்களுக்குப் போனார்கள். இறப்பு ஐம்பதைத் தாண்டவில்லை. இடைப்பட்ட காலத்தில் புயல் காப்பகங்கள் கட்டப்பட்டன, கணிப்பு துல்லியமானது, நிர்வாகம் கற்றுக்கொண்டது. ஆனால் மாட்டையும் வீட்டையும் விட்டுவிட்டு வா என்று அதிகாரி அழைக்கும்போது ஒருவர் கிளம்ப வேண்டுமே. 1999 என்ற வருடத்தைச் சொன்னால் போதும், மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாத தலைமுறை ஒன்று அந்தக் கரையில் இருந்தது. அந்தத் தலைமுறைக்குப் பிறகு வருகிறவர்களுக்கு அந்த வருடம் வெறும் எண்ணாகிவிடும் ஆபத்தும் இருக்கிறது.

தமிழகக் கரையோரத்தில் அந்த நாள் ஏற்கனவே வந்துவிட்டது. 2004க்குப் பிறகு பிறந்தவர்கள் வாக்களிக்கும் வயதை எட்டிவிட்டார்கள். ஒவ்வொரு டிசம்பர் 26 அன்றும் கடலில் பால் ஊற்றுகிறார்கள், மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள், நினைவுத்தூண்களில் மாலை போடுகிறார்கள். இறந்தவர்களுக்கு அது அவசியம். இருப்பவர்களுக்கு வேறொன்றும் தேவை: அன்று காலை கடல் எந்த நிறத்தில் இருந்தது, எவ்வளவு தூரம் உள்ளே போயிற்று, எந்தத் தெருவில் ஓடியவர்கள் பிழைத்தார்கள், எந்த மாடி தாங்கியது, எதை எடுக்கத் திரும்பியவர் திரும்பி வரவில்லை. இதைச் சொல்வது வலிக்கும். சிமலூவில் 1907இல் பிழைத்தவர்களுக்கும் வலித்திருக்கும். ஆனாலும் தாலாட்டில் வைத்துச் சொன்னார்கள்.

புகாரைக் கடல் கொண்டது ஏன் என்று தமிழர்களிடம் ஒரு காப்பியம் இருக்கிறது. கொள்வதற்கு முன் கடல் என்ன செய்தது என்பதைப் பார்த்தவர்கள் யாரும் சொல்லிவைக்கவில்லை. 2004ஐப் பார்த்தவர்கள் இன்னும் கடலோர ஊர்களில் இருக்கிறார்கள். கேட்பதற்குப் பேரப்பிள்ளைகளும் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.